சுழற்காற்று கடந்த பிறகு: கேள்வி பதில்

2021 டிசம்பர் 10 இரவு அமெரிக்காவின் மேற்குக் கென்டக்கியைத் தாக்கிய டொர்னேடோ என்ற சுழற்காற்று 266 கிலோமீட்டர் ஓடி 57 உயிர்களைக் குடித்தது. மேஃபீல்ட், டாசன் ஸ்பிரிங்ஸ் போன்ற சின்ன ஊர்கள் உருக்குலைந்தன. அங்கே இடிபாடு அகற்றப் போனவன் நான். அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

கேள்வி: பக்கத்து ஊர் தரைமட்டமாகிவிட்டது. துணிமணிகளை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமையே போகலாமா ஐயா?

பதில்: மனம் பதைப்பது புரிகிறது. ஆனாலும் வேண்டாம். முதல் சில நாட்கள் அந்தச் சாலைகளை ஆம்புலன்சுக்கும் மின்கம்பி சரிசெய்பவர்களுக்கும் விட்டுவிடுங்கள். பழந்துணி மூட்டைகள் பிரிக்க ஆளின்றி மழையில் ஊறிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பணமாகக் கொடுங்கள். உடலுழைப்பு தர விருப்பமென்றால் ஒரு தொண்டர் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடும்போது போங்கள். மூன்றாவது மாதம் போனால் இன்னும் நல்லது, அப்போதுதான் ஆள் வரத்து வற்றிப்போகும்.

கேள்வி: போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: காலில். பலகை ஒன்றைப் புரட்டிவிட்டு ஓரடி வைத்தேன். துருப்பிடித்த ஆணி காலணியின் ரப்பர் அடியைத் துளைத்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நின்றது. அரை அங்குலம் தள்ளியிருந்தால் என் பாதம்! அடிப்பாகம் தடித்த பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டாகியிருந்தால் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். கீறல்தானே என்று எதையும் விடவேண்டாம். 2011இல் மிசூரியின் ஜாப்ளினில் டொர்னேடோவில் காயம்பட்ட 13 பேருக்கு மியூகோர்மைகோசிஸ் பூஞ்சை தொற்றி, 5 பேர் இறந்தார்கள். கொரோனா காலத்தில் கருப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, அதே நோய்தான்.

கேள்வி: மின்சாரம் இல்லை. கராஜ் கதவைத் திறந்துவைத்து ஜெனரேட்டர் ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. தூங்குகிறவர் எழாமலே போவார். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வெளியில் வையுங்கள்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் வாடகை வீட்டில் இருந்தோம், கூரை போய்விட்டது. அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் உதவி எங்களுக்கு உண்டா?

பதில்: வாடகைதாரர் என்பது தடையே இல்லை. விசாதான் சிக்கல்: பண உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பலர் இது தெரியாமலே ஒதுங்கிவிடுகிறார்கள். தங்குமிடம், உணவு போன்ற அவசர உதவிக்கு விசா பார்ப்பதில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்தாலும் ஓய்ந்துவிடாதீர்கள், 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பல நேரம் ஒரு தாள் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வயலில் யாருடைய குடும்பப் படங்களோ நனைந்து கிடக்கின்றன. என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

பதில்: தூக்கி எறிய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். டாசன் ஸ்பிரிங்ஸில் பறந்த பழைய படம் ஒன்று, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தாண்டி இண்டியானாவின் நியூ ஆல்பனியில் ஒரு கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உரியவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிடுங்கள், தானாகப் பிரியும். படம் தெரியும் பக்கத்தைத் தேய்க்காமல், அதை மேல்நோக்கி வைத்து நிழலில் உலர்த்துங்கள். பின்பக்கம் பெயரோ தேதியோ இருந்தால் மை கரையுமுன் அதையும் படம் எடுத்து வையுங்கள்.