வீட்டிலேயே காருக்கு எக்ஸாஸ்ட் ஹெடர் மாட்ட முடியுமா?

கேள்வி இதுதான்: "என்னிடம் பழைய ஹோண்டா சிட்டி 1.5 இருக்கிறது. வெளியில் வாங்கிய 4-2-1 ஹெடரை மெக்கானிக்கிடம் போகாமல் நானே மாட்டலாமா?"

மாட்டலாம். ஹெடர் என்பது எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலிருந்தும் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு, கம்பெனி கொடுத்த மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டுவது. 4-2-1 என்றால் நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையும், சமமான சிமெண்ட் தரையும், அவசரமில்லாத ஒரு நாளும் இருந்தால் போதும். ஆனால் வேலையைத் தொடுவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

நான் மாட்டியது ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே ஒதுக்கிய சிட்டி விடெக்கில். கோவைக்குப் பக்கத்தில், செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். உங்களுடையது தினமும் ஆபீஸ் போகிற வண்டி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதுவும் பிற்பாடு வந்த பல கார்களில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கும். ஹெடர் மாட்டினால் அது கழன்று போய்விடும். அப்புறம் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர்தான் அந்தப் புகையைக் குடிக்க வேண்டும்.

சரி, ட்ராக் வண்டிதான் என்று வைத்துக்கொள்வோம். இந்த சிட்டியில் ஒரு வசதி உண்டு. மேனிஃபோல்ட் எஞ்சினுக்கு முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கும். பானெட்டைத் திறந்தால் ஹீட் ஷீல்ட் கண்ணுக்கு நேரே நிற்கும். ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டால் கை தாராளமாக உள்ளே போகும்.

வேலையில் பாதி, பழைய நட்டைக் கழற்றுவதுதான். அவை ஏறியிருப்பது இருபது வருடம் சூடாகி ஆறிய ஸ்டட்களில், அதாவது எஞ்சினில் பதிந்திருக்கும் தலையில்லாத போல்ட்டுகளில். முதல் நாள் சாயந்தரமே ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு முறை அடியுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆறு முனை சாக்கெட்டில் 12 சைஸ் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட், துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். நட் கொஞ்சம் அசைந்து, கிரீச்சென்று சத்தம் போட்டு இறுகினால் அதற்கு மேல் திருகாதீர்கள். கால் சுற்று திரும்ப இறுக்கி, ஸ்ப்ரே அடித்து, மறுபடி தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாக இப்படியே போனால் அரை மணி நேரத்தில் ஒரு நட் வந்தாலும் நல்லதுதான். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழன்று வந்தால் பயப்பட வேண்டாம். புது ஸ்டட் வாங்கி, அதன் மேல் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, வெளி நட்டைப் பிடித்துத் திருகினால் ஸ்டட் உள்ளே இறங்கிவிடும்.

ஸ்டட் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால்? அங்கேயே நிறுத்துங்கள். கையில் டிரில்லிங் மெஷின் இருக்கிறதே என்று ஆரம்பிக்காதீர்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. டிரில் பிட் மெத்தென்ற பக்கமாகத்தான் சறுக்கும், மரை போய்விடும். முறிந்த முனையில் நட் வைத்து வெல்டிங் செய்து எடுக்கத் தெரிந்த பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.

பழசு வெளியே வந்ததும் புது ஹெடரை உடனே மாட்டிவிடத் தோன்றும். அதற்கு முன் அதன் ஃபிளேஞ்ச் (எஞ்சினோடு பொருந்தும் தட்டையான தகடு) மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை அதன் நீள விளிம்பு படும்படி வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். விலை குறைந்த ஹெடர்களில் வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் வளைந்திருக்கும், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் பட்டறையில் கொடுத்துச் சமமாக்கி வாங்குங்கள். ஹெடருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டில் சிலிகான் பசை தடவாதீர்கள். அந்தச் சூட்டில் அது நிற்காது, புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். நல்ல உலோக கேஸ்கெட் மட்டும் போதும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் ஓட்டுங்கள். கீழே சைலன்சர் பைப்போடு சேரும் இடத்தையும் தொளதொளவென்றே விட்டு, மொத்தமும் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கடைசியில் 31 நியூட்டன் மீட்டர். வண்டிக்கு அடியில் போகிறபோது ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுத்துவிட்டு யாரும் கீழே படுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரைப் புது ஹெடருக்கு மாற்றுங்கள். அதன் ஒயர் ஹெடரில் உரசாமல் கட்டுங்கள். ஒயர் எட்டவில்லை என்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகவே எடுக்கின்றன. கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குப்பியில் ஒயரை நசுக்கி இணைத்து நீட்டுவதுதான் சரி.

முதல் ஸ்டார்ட்டில் புகை வரும். கைப்பட்ட ஆயிலும் உலோகத்தின் பூச்சும் எரிகிறது, அவ்வளவுதான். திறந்த வெளியில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் கேஸ்கெட்டில் கசிவு. பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓர் ஊதுபத்தியை ஃபிளேஞ்ச் ஓரமாக நகர்த்துங்கள். புகை எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கேதான் ஓட்டை. சின்னக் கசிவுதானே என்று விடக்கூடாது. இரண்டு அழுத்த அலைகளுக்கு நடுவில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவும் அதை நம்பி இன்னும் ஊற்றும். மைலேஜ் அடிபடுவது அப்படித்தான்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், ஹெடர் மட்டும் மாட்டிப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. 4-2-1 ஹெடர் 1, 4 சிலிண்டர்களை ஒரு ஜோடியாகவும் 2, 3-ஐ ஒரு ஜோடியாகவும் சேர்ப்பதால், ஒன்றின் புகை மற்றதை முட்டாமல் மாறி மாறிப் போகும். நடு ஆர்பிஎம்மில் வண்டி லேசாக இழுப்பது காலுக்குத் தெரியும். உச்ச வேகத்துக்கு, நான்கு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 நல்லது என்பார்கள். கரி போல வளைவு நிறைந்த ட்ராக்கில் எனக்கு 4-2-1 தான் பிடித்தது.

இரண்டு மூன்று முறை ஓட்டி ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும். பழைய மேனிஃபோல்டையும் ஹீட் ஷீல்டையும் ஆயில் தடவிப் பத்திரமாக வையுங்கள். வண்டியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்து ஆர்.சி. புதுப்பிக்க நினைத்தால் அதைத் திரும்ப மாட்டித்தான் போக வேண்டும். பழைய சிட்டிக்கு ஒரிஜினல் மேனிஃபோல்ட் இப்போது தேடினாலும் சுலபத்தில் கிடைப்பதில்லை.