மலாவி கிராமத்துக்குப் புது ஆழ்துளைக் கிணறு போடலாமா?

மாணவர்கள் திரட்டிய பணத்தில் ஆப்பிரிக்காவின் மலாவியில் உள்ள கிராமத்துக்குப் புது ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அங்குள்ள அடிபம்பைக் காலையில் 30 முறை அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறது, அப்புறம் நன்றாகக் கொட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அஃப்ரிடெவ் என்ற வகை அடிபம்பில்தான் கசிவு. பெரும்பாலும் ஃபுட் வால்வின், அதாவது குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் வால்வின், ரப்பர் பாபின் (திறந்து மூடும் அடைப்பான்) அல்லது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். இரவில் குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது.

அங்குள்ள தண்ணீர்க் குழுவிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்:

1. நன்றாக அடித்து, அரை மணி நேரம் சும்மா விடவும்.
2. மறுபடி அடித்து, தண்ணீர் வர எத்தனை முறை அடிக்கவேண்டியிருக்கிறது என்று எண்ணவும். ஐந்தைத் தாண்டினால் கசிவு உறுதி.

அஃப்ரிடெவில் குழாயைக் கழற்றாமலே, உள்ளே இருக்கும் பம்புக் கம்பிகளை எடுத்துவிட்டு ஃபுட் வால்வை மேலே இழுத்துவிடலாம். ஒரு ஸ்பேனரும் மீன்பிடிக் கருவி எனப்படும் கொக்கியும் போதும். பாபினையும் ஓ-ரிங்கையும் மாற்றும்போதே பிளஞ்சரின் (கம்பியின் முனையில் மேலும் கீழும் போய்த் தண்ணீரைத் தூக்கும் பாகம்) யூ-சீல் என்ற ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் கசிந்தால் பி.வி.சி. குழாயின் ஒட்டில் விரிசல் இருக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஏரியா மெக்கானிக் (அந்த வட்டாரத்தின் அடிபம்புப் பழுதுபார்ப்பவர்) வேண்டும். கிராமத்தாரே இழுத்தால் குழாய் முறியலாம்.

மலாவியில் கோடை முற்றும் அக்டோபரிலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அடிக்க அடிக்கத் தண்ணீர் குறைந்தால் ஊற்றே போதவில்லை. மாணவர்கள் திரட்டிய பணத்தை அப்போது புதுக் கிணற்றுக்குச் செலவிடலாம்.