இரண்டு இன்குபேட்டர் எதற்கு?

கேள்வி: 2001-க்குப் பிறகு அமெரிக்காவில் சில ஸ்டெம் செல் ஆய்வகங்கள் ஒரே கருவியை இரண்டிரண்டாக வாங்கினவாமே, ஏன்?

பதில்: பணம் வந்த வழிதான் காரணம். 2001 ஆகஸ்ட் 9-க்கு முன் உருவான கரு ஸ்டெம் செல் வரிசைகளுக்கு (கருவிலிருந்து எடுத்த, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய, ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும் செல் தொகுப்புகளுக்கு) மட்டுமே மத்திய அரசு நிதி என்றார் அதிபர் புஷ். புதிய வரிசைகளைத் தனியார் பணத்தில் வளர்க்கலாம்; ஆனால் அரசுப் பணத்தில் வாங்கிய இன்குபேட்டரோ (செல்களை இதமான சூட்டில் வளர்க்கும் பெட்டி) நுண்ணோக்கியோ, ஏன், திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டின் ஒரு முனையோகூட அதற்குப் பயன்படக் கூடாது. அதனால் நிற ஸ்டிக்கர் ஒட்டிப் பொருள்களைப் பிரித்தார்கள். அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் நேரத்துக்கும் தனிக் கணக்கு. இளம் ஆய்வாளர்களை இது ரொம்பவே வாட்டியது. அனுமதித்த வரிசைகளில் கைக்குக் கிடைத்தவை சுமார் 20தான். அவையும் எலிச் செல்கள் மேல் வளர்ந்தவை என்பதால் சிகிச்சைக்குத் தயக்கம்.

2009 மார்ச்சில் ஒபாமா இதைத் தளர்த்தினார். ஆனால் கருவிலிருந்து புதிதாக வரிசை எடுக்கும் வேலைக்கு அரசு நிதி கிடையாது. கருவை அழிக்கும் ஆய்வுக்கு அரசு நிதியைத் தடுக்கும், 1996-இல் வந்த டிக்கி-விக்கர் திருத்தம் ஆண்டுதோறும் நிதி மசோதாவோடு சேர்ந்தே வருகிறது.