பதில்: மாமனார் காரில் நீல அட்டை இருந்தும் அபராதம்

விசிட்டர் பார்க்கிங்கில் இரவு நிறுத்தியதற்காக, மாற்றுத்திறனாளிகளுக்கான நீல பார்க்கிங் அட்டை தொங்கிய மாமனார் காருக்கு உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் அசோசியேஷன் அபராதம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏடிஏவைக் காட்டி மெயில் போடாதீர்கள். அது பெரும்பாலும் பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கானது. அசோசியேஷன் வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

கைகொடுப்பது, வீட்டு விஷயத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் ஆக்ட்தான். வீட்டில் குடியிருப்பவரோடு தொடர்புள்ளவரின் உடற்குறையைக் காரணமாக்கியும் பாகுபாடு காட்டக்கூடாது என்பது 1988 திருத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அட்டை தொங்கினால் மட்டும் போதாது, வாய்திறந்து கேட்க வேண்டும். உரிமையாளரான நீங்களே 'ரீசனபிள் அக்காமடேஷன்' (உடற்குறைக்காக விதியில் நியாயமான விலக்கு) கேட்டு எழுதுங்கள்: "மாமனார் வாக்கரில் நடக்கிறார். வாசலுக்கு அருகிலுள்ள விசிட்டர் இடத்தில் இரவிலும் நிறுத்த அனுமதி வேண்டும்." விருந்தாளிக்காகக் கேட்பதால், அவர் வந்து தங்க முடியாவிட்டால் உங்கள் வீட்டை நீங்களே முழுதாக அனுபவிக்க முடியாது என்பதையும் சேருங்கள். வாதத்தின் உயிரே அதுதான். நோயின் பெயரெல்லாம் வேண்டாம். நடக்கச் சிரமம் என்று டாக்டர் கடிதம் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் கேட்காதீர்கள், அது நடக்காது.

மறுத்தால் வீட்டு வசதியைக் கவனிக்கும் மத்திய அரசின் ஹட் (HUD) துறையில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வழக்கென்றால் இரண்டு ஆண்டு. அதுவரை போன் பேச்சு வேண்டாம், எல்லாம் மெயிலில் இருக்கட்டும்.