கேள்வி – பதில்: நரி, முயல் கணக்கு

கேள்வி: இரையும் அதை வேட்டையாடும் விலங்கும் மாறிமாறிப் பெருகிக் குறைவதைக் கணிக்கும் லோட்கா–வோல்டெரா சமன்பாடுகளை எக்செலில் போட்டேன். ஆண்டுக்கு முயல் பெருகும் வீதம் 0.6, நரி இறக்கும் வீதம் 0.4. இரண்டும் சந்திப்பதால் முயலுக்கு இழப்புக் கெழு 0.03, நரிக்கு வரவுக் கெழு 0.004. வரிசைக்கு ஓராண்டு. சுற்றுக்குச் சுற்று அலை பெருத்து, கடைசியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. மாதிரியே தவறா?

பதில்: மாதிரி சரி. கோளாறு கணக்கிடும் முறையில் இருக்கிறது. உங்கள் எண்களுக்குச் சமநிலை 100 முயல் (0.4 ÷ 0.004), 20 நரி (0.6 ÷ 0.03). அதன் அருகே தொடங்கினால் சுமார் 12.8 ஆண்டில் முயல்–நரி வரைபடத்தில் பாதை புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். 'பழைய எண்ணோடு மாற்றத்தைக் கூட்டு' என்ற ஆய்லர் முறையோ, ஒவ்வோர் அடியிலும் (ஒரு வரிசைக்கான கால இடைவெளியில்) தொடுகோட்டின் வழியே வெளியே நழுவும். ஓராண்டு அடி வைத்தால் வீச்சு (சமநிலையிலிருந்து விலகும் அளவு) அடிக்கு 11 விழுக்காடு பெருகி, ஒரே சுற்றில் நான்கு மடங்கைத் தாண்டும். 0.1 ஆண்டாகக் குறைத்தாலும் சுற்றுக்கு 17 விழுக்காடு ஏறும். அடியைக் குறைப்பது மட்டும் போதாது என்பது இதனால்தான்.

இப்படி மாற்றுங்கள். அடி 0.1 ஆண்டு, 'எக்ஸ்ப்' என்பது அடுக்குக்குறிச் சார்பு.

புது முயல் = முயல் × எக்ஸ்ப்(0.1 × (0.6 − 0.03 × நரி))
புது நரி = நரி × எக்ஸ்ப்(0.1 × (0.004 × புது முயல் − 0.4))

இரண்டாம் வரியில் புது முயலைத்தான் எடுக்க வேண்டும்; பழையதை எடுத்தால் அலை மறுபடி பெருக்கும். பெருக்கல் என்பதால் எண் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

சரிபார்க்க இன்னொரு நெடுவரிசை போடுங்கள்: 0.004 × முயல் − 0.4 × மடக்கை(முயல்) + 0.03 × நரி − 0.6 × மடக்கை(நரி). மடக்கை இங்கே இயற்கை மடக்கை. இது ஒரு சுற்றுக்குள் லேசாக ஆடலாம். ஒரே பக்கமாக நகர்ந்தால் சூத்திரத்தில் பிழை. ஒன்று கவனம்: நரி 1-க்குக் கீழே இறங்கியும் வரைபடத்தில் மீண்டு வந்தால் நம்பாதீர்கள். அங்கே தற்செயலையும் கணக்கில் எடுக்கும் நிகழ்தகவு மாதிரிதான் வேண்டும்.

கேள்வி: இரண்டையும் ஒரே வீதத்தில் பிடித்தால் இரண்டும் குறையும்தானே?

பதில்: சராசரியில் இரை கூடும்! பிடிப்பு வீதம் 0.1 என்று வையுங்கள். முயலின் சமநிலை (0.4 + 0.1) ÷ 0.004 = 125; நரியுடையது (0.6 − 0.1) ÷ 0.03, ஏறத்தாழ 16.7. முதல் உலகப் போரில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்தபோது, சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியதை உம்பெர்டோ டி'அன்கோனா கவனித்தார். அவருடைய மாமனார் வீட்டோ வோல்டெரா 1926-இல் இந்தக் கணக்கால்தான் அதை விளக்கினார். பூச்சியையும் அதைத் தின்னும் வண்டையும் சேர்த்துக் கொல்லும் மருந்து, பூச்சியையே பெருக்கிவிடக்கூடும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது.