மார்ச் மாதத்து மலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள மோனாட்நாக் மலையில் இலையுதிர்காலத்தில் ஏறியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாள் முதல் எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறன்று நானும் கணவரும் மகளும் செல்வதாக இருக்கிறோம். பாஸ்டனில் பனி கரைந்து, குரோக்கஸ் பூக்கத் தொடங்கிவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் அடிதானே, ஓட்டக் காலணி போதாதா என்று கணவர் கேட்கிறார்.

வாசகி, பாஸ்டன்

அன்புள்ள வாசகிக்கு,

போதாது. உங்கள் கணவரின் அதே கணக்கோடு ஓர் ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே சென்று, பாதி வழியில் உட்கார்ந்து நகர்ந்தே இறங்கி வந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் செல்லும் நாட்களில் நியூ ஹாம்ப்ஷயரில் மேப்பிள் சாறு இறக்கிக்கொண்டிருப்பார்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே சென்று பகலில் மேலே ஏறும் வானிலை இருந்தால்தான் அந்த மரத்தில் சாறு ஓடும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். மரத்துக்கு உகந்த அதே வானிலைதான் நடப்பவருக்குப் பகையாகிறது. குளிர்காலம் முழுவதும் நடந்தவர்களின் கால்பட்டு இறுகிய பனி, பகலில் மேலாகக் கரைந்து இரவில் மீண்டும் உறைந்து, நாளடைவில் முழுப் பனிக்கட்டியாகவே மாறிவிடுகிறது. அடர்த்தி மிகுந்ததால் அது எளிதில் உருகுவதில்லை. இருபுறமும் தரை தெரியத் தொடங்கிய பின்னும் பாதை மட்டும் வெண்ணிற வரப்பாக நிற்கும். காடெல்லாம் கரைந்திருக்க, நீங்கள் கால்வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் குளிர்காலம் மிஞ்சியிருக்கும். வழுக்கலுக்கு அஞ்சி ஓரத்துப் பனியில் கால்வைத்தால், இளகிப்போன அது முழங்காலுக்கு மேல் உள்வாங்கும். அடியில் இருப்பது பாறை இடுக்கா ஓடும் நீரா என்று மேலிருந்து தெரியாது.

மலை 3,165 அடிதான், அதாவது 965 மீட்டர். அந்த உயரத்தில் அப்பகுதியில் உச்சிவரை மரங்கள் வளர்ந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓநாய்கள் பதுங்குவதாக நம்பிய விவசாயிகள் வைத்த தீயில் உச்சிக் காடு அழிந்தது. பிறகு மண்ணும் அரித்துப்போய், இன்று அங்கே மொட்டைப் பாறைதான். காற்றுக்கு மறைவில்லை. பாறைமேல் வழியும் உருகுநீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து, காலையில் வெறும் ஈரம்போலத் தோன்றும். நான் விழுந்தது அத்தகைய இடத்தில்தான்.

உச்சிக்குச் செல்லும் ஒயிட் டாட் என்ற தடம் ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் 500 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. இரும்புப் பற்கள் கொண்ட மைக்ரோஸ்பைக்கை நீர்புகாத பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளுங்கள். வழுக்கிய பிறகு மாட்டலாம் என்று பையில் வைத்திருப்பவர்களே அதிகம், நானும் அவர்களில் ஒருவன். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்த பருத்தி காற்றில் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். மாற்றுக் காலுறையும் நெற்றி விளக்கும் கட்டாயம். பனி விலகி சேறாகிவிட்ட இடங்களில் பக்கவாட்டில் ஒதுங்காமல் சேற்றிலேயே நடந்துவிடுங்கள், இல்லையெனில் பாதை ஆண்டுதோறும் அகலமாகிக்கொண்டே போகும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றியே எனக்குக் கவலை. காலையில் மைக்ரோஸ்பைக்கின் பல் பதியும் பனிக்கட்டி, பிற்பகலில் மேலே கூழாகவும் அடியில் வழுக்கலாகவும் இருக்கும். களைத்த கால்கள் அப்போதுதான் இறங்க வேண்டும். எனவே எட்டு மணிக்குத் தொடங்கி, எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று மூவரும் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். உச்சி கண்ணில் தெரியும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கணவரின் ஓட்டக் காலணி வண்டியிலேயே இருக்கட்டும். இறங்கியதும் நனைந்த பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ள அதைவிடச் சுகமானது வேறில்லை.