வெளிநாட்டில் வாடகைக் கார்: எந்தக் காப்பீட்டை விடக்கூடாது?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் போகிறோம். அங்கிருந்து கார் வாடகைக்கு எடுத்து, லாஸ் ஏஞ்சலிஸ், கிராண்ட் கேன்யன் என்று நாங்களே ஓட்டிச் சென்று வர எண்ணம். முன்பதிவு செய்யும்போது எல்.டி.டபிள்யூ., எஸ்.எல்.ஐ., பி.ஏ.ஐ., பி.இ.சி. என்று நான்கு காப்பீடுகளைக் காட்டுகிறார்கள். நான்கையும் எடுத்தால் காப்பீட்டுச் செலவே வாடகையை நெருங்கிவிடுகிறது. வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் ஈடுகட்டும் எல்.டி.டபிள்யூ. மட்டும் போதும் என்கிறார் கணவர். அது சரியா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்றை மட்டும்தான் எடுப்பது என்று முடிவு செய்தால், பிறருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுகட்டும் எஸ்.எல்.ஐ.யைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். வண்டி முழுவதுமே நொறுங்கினாலும் நீங்கள் கட்ட வேண்டிய தொகை ஏறக்குறைய அந்த வண்டியின் விலையோடு நின்றுவிடும். நீங்கள் ஓட்டிய வண்டியால் இன்னொருவர் படுகாயம் அடைந்தால், அவருடைய மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்.எல்.ஐ. என்பது அந்த மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான கூடுதல் காப்பீடு. பெரும்பாலும் 3 லட்சம் டாலரிலிருந்து 10 லட்சம் டாலர் வரை ஈடு தருகிறது.

நம் ஊர்ப் பழக்கம்தான் இங்கே பலரை ஏமாற்றிவிடுகிறது. இந்தியாவில் காருக்கு உரிய மூன்றாம் தரப்புக் காப்பீட்டில், பிறருடைய உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கான சேதத்துக்கு மட்டுமே ஏழரை லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. அதே நம்பிக்கையில், அமெரிக்க வண்டிக்கும் அப்படி ஒரு காப்பீடு கூடவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஈடு, காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயமடைந்த அனைவருக்கும் சேர்த்து 60,000 டாலர், சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர், அவ்வளவே. வாடகை நிறுவனம் அடிப்படையாக ஏதாவது தந்தாலும் இந்த அளவைத் தாண்டுவது அரிது. ஓர் அறுவை சிகிச்சையும் சில நாள் மருத்துவமனை வாசமும் சேர்ந்தாலே 30,000 டாலர் கரைந்துவிடும் நாடு அது. மேலும், வாடகைக்கு எடுத்தவரின் தவறுக்கு, வண்டியின் உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2005-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆகவே மிச்சத் தொகைக்கு ஓட்டியவரைத்தான் தேடி வருவார்கள்.

எல்.டி.டபிள்யூ.வும் தேவையானதுதான். ஆனால் அது உண்மையில் காப்பீடு அல்ல. சேதத்துக்கான பணத்தை உங்களிடம் கேட்க மாட்டோம் என்று நிறுவனம் எழுதித் தரும் விலக்கு. ஒப்பந்தத்தை மீறினால் அந்த விலக்கும் போய்விடும். நீங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால், இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுங்கள். கிராண்ட் கேன்யனிலிருந்து மானுமென்ட் பள்ளத்தாக்குக்கும் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அங்கே பாறைகளைச் சுற்றிச் செல்லும் 17 மைல் பாதை மண் பாதை. தார் போடாத பாதையில் ஓட்டக்கூடாது என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள விதி. அந்தச் சுற்றுக்கு அங்கேயே கிடைக்கும் வழிகாட்டிகளின் வண்டியில் ஏறிக்கொள்வதே நல்லது.

பி.ஏ.ஐ. வண்டியில் இருப்பவர்களின் விபத்துக்கும், பி.இ.சி. உடைமைகளுக்கும் உரியவை. நல்ல மருத்துவக் காப்பீட்டோடு கூடிய பயணப் பாலிசி கையில் இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம்.

பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. முன்பதிவில் 'வசிக்கும் நாடு' என்ற இடத்தில் இந்தியா என்று உள்ளதை உள்ளபடி குறிப்பிட்டு விலை பாருங்கள். வெளிநாட்டவர்களுக்கென்று எல்.டி.டபிள்யூ., எஸ்.எல்.ஐ. இரண்டையும் உள்ளடக்கிய கட்டணத்தைச் சில நிறுவனங்கள் தருகின்றன. மகள் தன் அமெரிக்க முகவரியில் பதிவு செய்தால் வெறும் வாடகை மலிவாகத் தெரியும். கவுன்ட்டரில் இவற்றைத் தனித்தனியாகச் சேர்க்கும்போது கணக்கு மாறிவிடும்.

கேள்வி: இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீட்டில் 'தனிநபர் பொறுப்பு' என்று ஒரு பெரிய தொகை இருக்கிறது. டெக்சாஸில் உள்ள என் மகனும், தன் கார் பாலிசியும் கிரெடிட் கார்டும் வாடகைக் காரையும் காக்கும் என்கிறான். இவை போதாதா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பயணப் பாலிசியின் தனிநபர் பொறுப்புப் பகுதியில், மோட்டார் வாகனம் ஓட்டுவதால் எழும் பொறுப்பு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். விலக்குகள் பட்டியலை எடுத்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

மகனுடைய பாலிசி, அவரே வாடகைக்கு எடுத்து அவரே ஓட்டும்போது பெரும்பாலும் செல்லும். உங்கள் பெயரில் எடுத்து நீங்கள் ஓட்டும் வண்டிக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டு தரும் ஈட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு: கார்டு வைத்திருப்பவரே முதன்மை வாடகையாளராக இருக்க வேண்டும், வாடகையை அந்தக் கார்டிலேயே செலுத்தியிருக்க வேண்டும், நிறுவனத்தின் எல்.டி.டபிள்யூ.வை மறுத்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் வண்டியின் சேதம், திருட்டு ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். மூன்றாம் தரப்புக்கு ஒரு டாலரும் வராது.

கேள்வி: ஐஸ்லாந்தில் கார் எடுக்கப்போகிறோம். காப்பீடு வாடகையிலேயே அடக்கம் என்கிறார்களே, அப்படியானால் கவலை இல்லைதானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஐரோப்பாவில் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம், ஐஸ்லாந்திலும் அப்படியே. ஆகவே அந்தப் பெரிய கவலை இல்லை. வாடகையில் அடங்கிய சேத விலக்கில் மட்டும் 'எக்ஸஸ்' என்ற பகுதி உண்டு. சேதத்தில் அந்த அளவு வரை உங்கள் கைப்பணம். அதைக் குறைக்கவோ நீக்கவோ தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தத் தொகையைத் திருப்பித் தரும் பாலிசியை வெளியே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. ஆனால் கவுன்ட்டரில் உங்கள் கிரெடிட் கார்டில் டெபாசிட்டைப் பிடித்துவைப்பார்கள், சேதத்துக்கு முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கிளைம் செய்ய வேண்டியிருக்கும்.

அந்நாட்டுக்கே உரிய சேதங்களும் உண்டு. சரளைக் கல் தெறித்து விளக்கும் கண்ணாடியும் உடையும். தென்கரையில் மணலும் எரிமலைச் சாம்பலும் காற்றில் பறந்து வண்டியின் பெயின்ட்டை உரித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் காப்பீடு விற்கிறார்கள். தென்கரைக்குப் போவதாக இருந்தால் இரண்டையும் எடுங்கள். பலத்த காற்றில் கதவு பின்னோக்கி மடங்கிக் கீல் முறிவதைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. நிறுத்தும்போது காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும். ஆற்றில் வண்டியை இறக்கிக் கடக்கையில் எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், எந்தக் காப்பீட்டையும் நம்ப முடியாது. பழுதுச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.